பெடலுக்குள் ஒளிந்திருக்கும் காற்று

கார் பட்டறையில் பார்க்கக் கிடைக்கும் காட்சிகளில் எது உசத்தி என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பிரேக்கில் ஏர் எடுப்பதுதான்! இன்ஜினை இறக்குவதும் கியர்பாக்ஸைப் பிரிப்பதும் பெரிய வேலைகள், மறுக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு திருடன் நாலு சக்கரத்தில் எந்தச் சக்கரத்துக்குள் பதுங்கியிருக்கிறான் என்று காலால் மிதித்தே கண்டுபிடித்து, பென்சில் தடிமனுள்ள ஒரு குழாய் வழியாக வெளியே வரவழைத்து, அவன் குமிழியாக உடைவதைக் கண்ணாரப் பார்க்கிற வேலை வேறு எங்கே இருக்கிறது?

வாருங்கள், காருக்கு அடியில் நுழைவோம்.

இடம், திருத்தணி வட்டாரத்து மணவூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை. சென்னை–அரக்கோணம் ரயில் பாதை கூப்பிடு தூரத்தில். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போன வழி இது. இன்று மின்ரயில் மணவூரில் வந்து நிற்கும்போது சக்கரங்களுக்கு நடுவிலிருந்து ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

கொட்டகைக்குள் ஸ்டாண்டு மேல் ஏறி நிற்பது ஒரு வெள்ளை டிராவல்ஸ் கார். திருத்தணி, திருப்பதி, திருவாலங்காடு என்று கோயில் கோயிலாக ஓடுகிற வண்டி. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். வந்ததும் வராததுமாக அவர் சொன்னது இது: “அண்ணே, பிரேக்கு பிடிக்குது. ஆனா பிடிக்கிற மாதிரியே இல்ல. பெடலு பஞ்சு மாதிரி உள்ள போவுது. ரெண்டு வாட்டி அடிச்சாதான் நிக்குது.”

மெக்கானிக் அண்ணன் தலையை ஆட்டினார். “கடைசியா எதுல கை வச்சாங்க?”

“முன்னாடி காலிப்பர் ரெண்டும் மாத்தினேன். வெளியூர்ல. அப்புறம் மூணு வாட்டி ஏர் எடுத்துட்டாங்க. போகவே மாட்டேங்குது.”

மூன்று முறை ஏர் எடுத்தும் போகாத ஏர்! எனக்குச் சிலிர்த்துவிட்டது. இதைவிட நல்ல துப்பறியும் கதை எங்கே கிடைக்கும்?

வேட்டைக்குப் போவதற்கு முன் திருடனைப் பற்றி இரண்டு வார்த்தை. பிரேக் பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற சின்ன பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் இரும்புக் குழாயிலும் ரப்பர் ஹோஸிலும் ஓடி, சக்கரத்தருகே காலிப்பரில் உள்ள பெரிய பிஸ்டனைத் தள்ளும். அது பேடை டிஸ்க்கோடு சேர்த்து நெருக்கும். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பாஸ்கல் சொல்லிவைத்தார். அதை 1921-இலேயே அமெரிக்காவின் டியூசன்பர்க் காரில் நாலு சக்கரத்துக்கும் பூட்டி ஓட்டினார்கள். இன்று மணவூர் வழியாக ஓடுகிற சின்னக் கார் வரைக்கும் அதே சங்கதிதான்.

இதெல்லாம் நடப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை: உள்ளே இருப்பது திரவமாக மட்டுமே இருக்க வேண்டும். திரவம் கிட்டத்தட்டச் சுருங்காது. காற்றோ, சாதாரண அழுத்தத்தில், அதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் சுலபமாகச் சுருங்கிக் கொடுக்கும். நீங்கள் மிதிக்கிற மிதி பேடைத் தள்ளுவதற்குப் பதிலாக அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும்.

எவ்வளவு காற்று இருந்தால் ஆபத்து? இதை நான் தாளில் போட்டுப் பார்த்தேன், விடை தூக்கிவாரிப்போட்டது. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் தள்ளுகிற ஆயில் ஒரு மில்லிலிட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாதையில் எங்கேயோ ஒரு மில்லிலிட்டர் காற்று இருந்தால் அதை நசுக்கவே பிஸ்டன் கூடுதலாக 3 மில்லிமீட்டருக்கு மேல் நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் நாலு மடங்கு என்றால் காலுக்கு அது 13 மில்லிமீட்டர். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லிலிட்டர் காற்று சேர்ந்துவிட்டால் பெடல் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் சும்மாவே இறங்கும். பல கார்களில் அதற்குப் பிறகு இறங்க அதிக இடம் கிடையாது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, உள்ளே ஒரு குடும்பம், எல்லாம் ஒரு டீஸ்பூன் காற்றின் தயவில்!

இனி வேட்டை. அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார், இன்ஜினை அணைத்தார், பெடலை நாலைந்து முறை மிதித்து பூஸ்டருக்குள் மிச்சமிருந்த வாக்குவத்தைத் தீர்த்தார். இனி காலுக்கும் ஆயிலுக்கும் நடுவே உதவிக்கு யாரும் இல்லை, பெடல் மனசில் இருப்பதை அப்படியே சொல்லும்.

ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி நழுவினால் அது காற்றல்ல. எங்கேயோ ஒழுகுகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் பின்பக்கம் கசிகிறது. இங்கே நழுவவில்லை.

அடுத்து விறுவிறுவென்று மிதித்தார். பெடல் ஒவ்வொரு மிதிக்கும் உயர்ந்தது. இதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. பின்சக்கர டிரம்மில் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் உயரும். வித்தியாசம் காலுக்குத்தான் தெரியும். ஷூ தளர்வென்றால் உயர்ந்த பெடல் கல்லாக நிற்கும். காற்றென்றால் உயர்ந்த பிறகும் காலடியில் துள்ளும். “துள்ளுதுப்பா” என்றார் அண்ணன். அந்த ஒரு வார்த்தையில் பாதி வழக்கு முடிந்தது.

மறுபாதிக்கு சாட்சி வேண்டுமே! உதவிக்கு இருந்த இளைஞனைக் கூப்பிட்டார். “தம்பி, டப்பா மூடியத் தொற. முகத்த கிட்ட கொண்டு போவாத.” பானெட்டுக்குக் கீழே பிரேக் ஆயில் டப்பாவின் மூடி திறந்தது. அண்ணன் பெடலைப் படபடவென்று பலமுறை மிதித்து, கடைசி மிதியை அப்படியே பிடித்து நிறுத்தி, சட்டென்று காலை எடுத்தார். டப்பாவுக்குள் ஆயில் குபுக்கென்று எழும்பியது! உள்ளே நசுங்கிக் கிடந்த காற்று விரிந்து, ஆயிலைப் பின்பக்கமாக எட்டி உதைத்திருக்கிறது. காற்றே இல்லாத வண்டியில் ஆயில் லேசாக அசையுமே தவிர இப்படி எழும்பாது. காசு செலவில்லாத பரிசோதனை. பெயின்டின் மேல் ஒரு சொட்டு சிந்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும்.

காற்று இருப்பது உறுதி. எங்கே இருக்கிறது? இந்த இடத்தில்தான் அண்ணன் அலமாரியிலிருந்து நாலு கிளாம்ப்புகளை எடுத்தார். ரப்பர் ஹோஸைக் காயப்படுத்தாமல் நெருக்குவதற்கென்றே உருட்டுமுனை வைத்த கிளாம்ப். பிளையரால் கவ்வினால் ஹோஸின் உட்சுவர் கிழிந்து வேறு வினை வரும் என்று இளைஞனிடம் சொல்லிக்கொண்டே நாலு ஹோஸையும் அடைத்தார். பெடலை மிதித்தார். கல்! அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டர் சுத்தம், நடுவில் உள்ள குழாய்கள் சுத்தம். திருடன் கிளாம்ப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறான்.

பின்பக்கக் கிளாம்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பெடல் அசையவில்லை. முன் இடதைத் தளர்த்தினார்கள். பெடல் இறங்கியது. அதைத் திரும்ப மாட்டிவிட்டு முன் வலதைத் தளர்த்தினார்கள். அதுவும் இறங்கியது! இரண்டு முன்சக்கரத்திலும் காற்று, அதுவும் மூன்று முறை ஏர் எடுத்த பிறகு.

அண்ணன் குனிந்து வலது காலிப்பரை ஒரு பார்வை பார்த்தார். இடப்பக்கம் போய் அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, “இங்க வாங்க, நிப்பிள் எங்க இருக்குன்னு பாருங்க” என்றார்.

நிப்பிள் கீழே இருந்தது!

எனக்கு அப்போதுதான் விளங்கியது, விளங்கியதும் கை தட்டிவிட்டேன். காலிப்பரில் காற்றை வெளியேற்றுகிற நிப்பிள் எப்போதும் உச்சியில்தான் இருக்க வேண்டும். காற்று மேலேதான் போய்த் தங்கும். சில வண்டிகளில் இடது காலிப்பரை வலப்பக்கமும் வலது காலிப்பரை இடப்பக்கமும் மாட்டினாலும் போல்ட் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிடும். மாறியிருப்பதைக் காட்டிக்கொடுப்பது நிப்பிள் மட்டும்தான். அது தலைகீழாகிவிட்டால், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் அடியிலிருக்கிற ஆயில்தான் வெளியே வரும். மேலே குமிழி ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இடம் மாற்றிப் பூட்டினார்கள். ஹோஸ் சேருகிற இடத்துக் காப்பர் வாஷர்கள் புதிது போட்டார்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை ஒழுங்காக அடைக்காது. டப்பாவில் புது ஆயில் நிரம்பியது. நிப்பிளில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்கவிட்டார் அண்ணன். இளைஞன் சீட்டில்.

“மிதி. மிதி. மிதி. பிடி!”

நிப்பிள் அரைச் சுற்று திறந்தது. பெடல் அடிவரை இறங்கியது. “விடாத... விடாத...” நிப்பிள் மூடியது. “இப்ப விடு.”

இந்த வரிசை மாறவே கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் வெளிக்காற்று அதே வழியில் உள்ளே நுழையப் பார்க்கும். ஆகையால் மிதிக்கிறவரும் திறக்கிறவரும் ஒருவர் குரலுக்கு ஒருவர் கட்டுப்பட வேண்டும். தனியாளாகச் செய்ய வாக்குவம் பம்ப், பிரஷர் பாட்டில் என்று கருவிகள் வந்துவிட்டன. இருந்தாலும் ‘மிதி, பிடி, விடு’ என்று இரண்டு பேர் ஒரே தாளத்தில் செய்கிற அழகுக்கு அதெல்லாம் ஈடாகுமா?

குழாயில் முதலில் வந்தவை பெரிய பெரிய குமிழிகள். காலிப்பரை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் டொக் டொக்கென்று தட்டினார் அண்ணன். மூலையில் ஒட்டிக்கொண்டிருந்ததெல்லாம் விடுபட்டு, கடுகு கடுகாக ஒரு வரிசை வந்தது. பிறகு ஊசிமுனை அளவில் சில. அப்புறம் ஒன்றுமில்லை, தெளிந்த மஞ்சள் ஆயில் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை அவர் போட்ட அதட்டலையும் சொல்ல வேண்டும்: “டப்பாவப் பாரு!” டப்பா வற்றிவிட்டால் மாஸ்டர் சிலிண்டரே காற்றை உறிஞ்சிவிடும். செய்த வேலையெல்லாம் முதலிலிருந்து.

கடைசியில் டிரைவரையே உட்காரவைத்து மிதிக்கச் சொன்னார்கள். கால் பாதி தூரம்கூடப் போகவில்லை, நின்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிரேக் கதை இதோடு முடிந்தது. அதே காரில் பின்பக்கம் இன்னொரு புகார் காத்திருந்தது: பள்ளத்தில் இறங்கினால் ‘டக்’ என்ற சத்தம். புதுசாக வாங்கிவைத்த இரண்டு ஷாக் அப்சார்பர்கள் டிக்கியில் படுத்த வாக்கில் கிடந்தன. அண்ணன் அவற்றை எடுத்ததும் நேரே வண்டியில் பூட்டவில்லை. ஒன்றை நிமிர்த்திப் பிடித்து தண்டை முழுக்க வெளியே இழுத்தார். அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து முழுக்க அழுத்தினார். மறுபடி நிமிர்த்தினார், இழுத்தார். முதல் சில முறை நடுவில் ஓரிடத்தில் தண்டு வெறுமனே வழுக்கிப் போனது. அப்படியே பூட்டியிருந்தால் அந்த இடமே ‘டக்’ என்று தட்டும். பிறகு தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீரான எதிர்ப்பு. அவ்வளவுதான், அதற்குப் பிறகு படுக்கவே வைக்காமல் நேரே கொண்டுபோய் மாட்டினார்.

ஏன் இந்த உடற்பயிற்சி? சாதாரண ஷாக் அப்சார்பரில் குழாய்க்குள் குழாயாக இரண்டு உண்டு. உட்குழாயில் ஆயில் நிரம்பியிருக்கும். வெளிக்குழாயில் பாதி ஆயில், மீதி காற்று அல்லது நைட்ரஜன். படுக்கவைத்தால் அந்த வாயு அடி வால்வு வழியாக உட்குழாய்க்குள் வந்துவிடும். பிஸ்டன் ஆயிலைக் கடக்கும்போது தடை இருக்கும், வாயுவைக் கடக்கும்போது இருக்காது. இழுத்துக் கவிழ்த்து அழுத்துவது அந்த வாயுவை அதன் சொந்த இடத்துக்கே திருப்பி அனுப்புகிற வழி. இந்தத் தொல்லையே வேண்டாமென்று பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்பன் ஒரே குழாயில் மிதக்கும் பிஸ்டன் ஒன்றைத் தடுப்பாக வைத்து, ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் உயரழுத்த நைட்ரஜன் என்று பிரித்துவிட்டார்.

இங்கேதான் எனக்கு உற்சாகம் எல்லை மீறுகிறது. பிரேக்கில் வாயு எதிரி. சஸ்பென்ஷனில் வாயு நண்பன்! இரண்டையும் ஒரே ஆயிலில் ஓட்டி, பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் ஒரே பம்ப்பை வைத்து ஒரு காரையே செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் ஷோவில் சிட்ரோயன் டி.எஸ். வந்து நின்றது. முதல் நாளே 12,000 பேர் பதிவு செய்தார்கள். அதன் சஸ்பென்ஷனை உருவாக்கிய பால் மாஜேஸ் முறைப்படி பொறியியல் படித்தவர் அல்லர். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்புக் கோளம். கோளத்துக்குள் ரப்பர் சவ்வு. சவ்வுக்கு மேலே நைட்ரஜன், கீழே ஆயில். சக்கரம் மேட்டில் ஏறினால் ஆயில் சவ்வைத் தள்ளும், நைட்ரஜன் சுருங்கி மேட்டை விழுங்கிவிடும். ராத்திரி முழுக்க நின்ற கார் தரையோடு படுத்திருக்கும். காலையில் இன்ஜினைப் போட்டால் மெதுவாக எழுந்து நிற்கும். 1962 ஆகஸ்டில் பாரிஸுக்கு அருகே பெத்தி-கிளமாரில் அதிபர் டி கோலைச் சுட்டார்கள். டயர் பஞ்சரான அந்த டி.எஸ். நிற்காமல் ஓடி அவரைக் காப்பாற்றியது. ரோல்ஸ்-ராய்ஸே உரிமம் வாங்கி 1965-இல் சில்வர் ஷேடோவில் சிட்ரோயனின் ஹைட்ராலிக் ஏற்பாட்டைப் பயன்படுத்தியது.

டி.எஸ். காரில் காற்று நுழைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் தடயம் ஆயில் டப்பாவில். இன்ஜின் ஓடும்போது உள்ளே நுரை கட்டினால், டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகிற உறிஞ்சு குழாய் எங்கேயோ காற்றை இழுக்கிறது. பெரும்பாலும் ஒரு கிளிப் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் குழாய் வெடித்திருக்கும். இரண்டாவது தடயம், கார் எழுந்திருக்கவே மறுப்பது. பம்ப்புக்குள் காற்று அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறாது. ரெகுலேட்டரில் இருக்கிற திருகைத் தளர்த்திச் சற்று நேரம் ஓடவிட வேண்டும். அப்புறம் காரை முழுக்க உயரத்துக்கு ஏற்றி, முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றி இறக்கினால் சஸ்பென்ஷனில் உள்ள காற்று தானாக டப்பாவுக்கு வந்து சேர்ந்துவிடும். பிரேக்கில் ஏர் எடுப்பதும் நம் ‘மிதி, பிடி, விடு’ அல்ல. இன்ஜின் ஓட, பெடலை லேசாக மிதித்தபடி நிப்பிளைத் திறந்தால் பம்ப்பின் அழுத்தமே காற்றைத் துரத்திவிடும்.

இன்னொரு கூத்து: நைட்ரஜன் வருஷக்கணக்கில் சவ்வு வழியாக மெல்லக் கசிந்து தீர்ந்துபோனால் கார் பஞ்சாகாது, கட்டையாகிவிடும். வாயு வந்தால் கெடுகிற பிரேக், வாயு போனால் கெடுகிற சஸ்பென்ஷன்! இரண்டையும் ஒரே மெக்கானிக் கவனிக்க வேண்டும். 1966-லிருந்து இதற்கென்று பச்சை நிறத் தாது ஆயில் வந்தது. அதில் நம் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் பாழ். இதற்காகவே நிறத்தை மாற்றிவைத்தார்கள்.

பிரான்ஸில் நடந்த கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு: மணவூரில் ரயிலேறிச் சென்னைப் பக்கம் போனால் செஞ்சி பானம்பாக்கம், அடுத்து கடம்பத்தூர். கடம்பத்தூரை அடுத்த அதிகத்தூரில் 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் செய்யத் தொடங்கியது. பிறகு சி.கே. பிர்லா குழுமத்தோடு, சிட்ரோயனைக் கையில் வைத்திருந்த பிரான்ஸின் பி.எஸ்.ஏ. கைகோத்தது. அம்பாசடர் என்ற பெயரையே 2017-இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியதும் அதே பி.எஸ்.ஏ.தான். 2021-இல் திருவள்ளூர் ஆலையிலிருந்து சி5 ஏர்கிராஸ் வெளியே வந்தது. டி.எஸ். செய்த அதே சிட்ரோயன், நம் பக்கத்து ஊரில்! கோளமும் பச்சை ஆயிலும் இப்போது இல்லை. சாதாரண ஷாக் அப்சார்பருக்குள், தண்டு எல்லைக்கு வந்து ‘டக்’ என்று முட்டுகிற இடத்தில், ரப்பர் முட்டுக்குப் பதிலாக ஒரு சின்ன ஹைட்ராலிக் தாங்கி வைத்திருக்கிறார்கள். பெரிய பள்ளம் வந்தால் அது ஆயிலைச் சிறு துளை வழியாகப் பிழிந்து வேகத்தைத் தின்றுவிடும். கோளத்தின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

ரயிலின் ‘புஸ்ஸ்’ நினைவிருக்கிறதா? ரயிலும் லாரியும் பஸ்ஸும் காற்றாலேயே நிற்கின்றன. அங்கே அழுத்தக் காற்றுதான் வேலைக்காரன். காரில் காற்று உள்ளே வந்தால் ஆபத்து, லாரியில் காற்று வெளியே போனால் ஆபத்து. இந்த இரண்டு உலகமும் நம் சென்னை பாடியில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்தன. 1962-இல் டி.வி.எஸ். குடும்பத்தில் ஏர் பிரேக் செய்வதற்காக சுந்தரம்-கிளேட்டன் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு, அதே குடும்பத்தில், அதே பாடியில், ஹைட்ராலிக் பிரேக்குக்காக பிரேக்ஸ் இந்தியா. ஒரு பக்கம் காற்றை அடைத்துவைத்துச் சம்பாதித்தார்கள், இன்னொரு பக்கம் காற்றைத் துரத்திச் சம்பாதித்தார்கள்! பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பட ஆலை திருத்தணிக்கு அருகே சோளிங்கரில் இருக்கிறது என்பது எங்கள் பக்கத்துப் பெருமை.

மூன்றாவது திருடன் ஒருவன் இருக்கிறான். அவன் வெளியிலிருந்து நுழைவதில்லை, ஆயிலுக்குள்ளேயே பிறக்கிறான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், அடிக்கடி திறக்கிற மூடி வழியாகவும் ஈரம் சேரும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு. திருமலையிலிருந்து வளைவுக்கு வளைவு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்குகிற வண்டியில் காலிப்பர் எவ்வளவு சூடாகும் என்று சக்கரத்தருகே நின்றாலே முகத்தில் தெரியும். ஆயில் கொதித்தால் ஆவி. ஆவியும் வாயுதான், அதுவும் சுருங்கும். பெடல் அடிவரை போகும். அரை மணி நேரம் நின்று ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் பழையபடி கல்லாகிவிடும். பட்டறைக்கு வரும்போது வண்டியில் ஒரு குறையும் தெரியாது! “மலை எறங்கும்போது மட்டும் பிரேக் போச்சு” என்று யாராவது சொன்னால், அண்ணன் கிளாம்ப்பை எடுப்பதில்லை. ஆயிலைத்தான் முழுக்க மாற்றுகிறார். திருத்தணி மலையிலிருந்து கீழே வருகிற சின்னப் பாதைக்கும் இதுதான் விதி: ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், வேகத்தை இன்ஜின் பிடிக்கட்டும்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் இன்னொரு பொந்து உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கிற புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அதன் வால்வுப் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் வெறும் மிதியால் வராது. ஸ்கேனரை மாட்டி உள்ளேயுள்ள பம்ப்பையும் வால்வுகளையும் ஓடவிட்டு எடுக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். தூரத்துச் சக்கரம் முதலில் என்ற பழைய விதி எல்லா வண்டிக்கும் பொருந்தாது. அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் சொல்வதுதான் சரி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சர்வீஸில் பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். காலிப்பரோ வீல் சிலிண்டரோ கழற்றினார்கள் என்றால் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஏர் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், குழாயைக் காட்டச் சொல்லுங்கள், எந்த நல்ல மெக்கானிக்கும் சந்தோஷமாகக் காட்டுவார். பெடல் ஒருநாள் திடீரென்று பஞ்சாக இறங்கினால், ‘மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போய்விடலாம்’ என்று மட்டும் கிளம்பாதீர்கள். வண்டியை இருக்கிற இடத்திலேயே விடுங்கள். மெக்கானிக் உங்களிடம் வரட்டும்.